நூறு டாலர் கூலிக்கு எத்தனை டாலர்?

அமெரிக்காவில் கூரை போடுகிறவர்களுக்கு 5551 என்ற எண் மனப்பாடம். தொழிலாளர் இழப்பீட்டு இன்சூரன்ஸில் பெரும்பாலான மாநிலங்கள் கூரை வேலைக்குக் கொடுத்திருக்கும் வகை எண் அது. இரும்புத் தூண் நிறுத்துகிறவர்களுக்கு 5040. தனி வீடுகளின் தச்சு வேலைக்கு 5645. கொத்து வேலைக்கு 5022. நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவர்களுக்கு 8810. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு விலை உண்டு. நூறு டாலர் கூலி கொடுத்தால் இத்தனை டாலர் பிரீமியம் கட்ட வேண்டும் என்பதுதான் அந்த விலை. 8810க்கு அது ஒரு டாலரைக்கூடத் தொடாது. 5551க்குப் பல மாநிலங்களில் பத்து டாலரைத் தாண்டும். சில இடங்களில் இருபதையும் தாண்டும்.

இந்த விலை தங்கள் தொழிலையே முடக்குகிறது என்று காண்ட்ராக்டர்கள் புலம்புவது பழைய கதை. அவர்களுடைய சிரமம் பொய்யல்ல. ஆனால் அந்தச் செலவை இன்சூரன்ஸ் கம்பெனிகள் உண்டாக்கவில்லை. கூரையிலிருந்து ஆள் விழுவது பிரீமியம் என்ற ஒன்று வருவதற்கு முன்பும் நடந்தது, அன்றும் அதற்கு யாரோ பணம் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். கட்டியவள் செத்தவனின் மனைவி. வீட்டில் பாதி அறையை வாடகைக்கு விட்டு, துணி துவைத்து, பன்னிரண்டு வயதுப் பையனை வேலைக்கு அனுப்பிக் கட்டினாள். அந்தச் செலவு அவள் வீட்டிலிருந்து காண்ட்ராக்டரின் கணக்குப் புத்தகத்துக்கு இடம் மாற முக்கால் நூற்றாண்டு பிடித்தது.

1837 அக்டோபரில் பாஸ்டன்–வொர்செஸ்டர் ரயில்வேயின் எஞ்சின் டிரைவர் நிக்கலஸ் ஃபார்வெல்லின் வலது கை நசுங்கிப்போனது. தண்டவாளம் மாற்றும் இன்னொரு தொழிலாளி செய்த தவறால் வண்டி தடம் புரண்டிருந்தது. ஃபார்வெல் வழக்குப் போட்டார். 1842இல் மாசசூசெட்ஸ் தலைமை நீதிபதி லெமுவல் ஷா தீர்ப்புச் சொன்னார்: கம்பெனி பொறுப்பல்ல. தவறு செய்தவர் உடன் வேலை செய்த ஆள். அந்த ஆபத்தைத் தெரிந்துதான் ஃபார்வெல் வேலையில் சேர்ந்தார். ஆபத்துக்கு ஏற்ற கூலியும் வாங்கிக்கொண்டிருந்தார் என்பது ஷாவின் நியாயம். ஃபார்வெல்லின் கூலி நாளுக்கு 2 டாலர்.

ஆபத்துக்கு ஒரு விலை உண்டு என்பதை ஷா மறுக்கவே இல்லை. அந்த விலை கூலிக்குள் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது என்றார், அவ்வளவுதான். இரண்டு டாலரில் கைக்கு எவ்வளவு, உயிருக்கு எவ்வளவு, பிழைப்புக்கு எவ்வளவு என்று அவரும் பிரித்துப் பார்க்கவில்லை, கம்பெனியும் பார்க்கவில்லை. பார்க்கும் வழி அன்று யாரிடமும் இல்லை. ஆனாலும் அந்தத் தீர்ப்பு அமெரிக்க நீதிமன்றங்களில் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் நின்றது. முதலாளிகளின் வக்கீல்கள் கையில் மூன்று வாதங்கள் தயாராக இருந்தன: உடன் வேலை செய்தவன் தவறு, ஆபத்து தெரிந்தே வந்தான், அவன் மேலும் கொஞ்சம் கவனக்குறைவு உண்டு. மூன்றில் ஒன்று எடுபட்டாலே போதும், வழக்கு தோற்றுவிடும். சாரம் சரிந்து விழுந்த கொத்தனாருக்கு மூன்றுமே பொருந்தும். சாரம் கட்டியவன் அவனுடைய சகா, உயரம் அவன் கண்ணெதிரே தெரிந்தது, கால் வைத்தவன் அவன்.

வழி முதலில் திறந்தது ஜெர்மனியில். 1884இல் பிஸ்மார்க் கொண்டுவந்த விபத்துக் காப்பீட்டுச் சட்டம், யார் தவறு என்ற கேள்வியையே தூக்கிப் போட்டது. ஒரே தொழில் செய்யும் முதலாளிகளெல்லாம் கட்டாயமாக ஒரு சங்கத்தில் சேர வேண்டும். அடிபட்டவர்களுக்கு அந்தச் சங்கம் பணம் கொடுக்கும். முழுவதுமாக முடங்கிப்போனவருக்குக் கூலியில் மூன்றில் இரண்டு பங்கு. தொழிலாளியிடம் ஒரு காசு வாங்கக் கூடாது. சங்கத்துக்குள்ளேயே வேலைகளை ஆபத்து வாரியாக வகுப்புகளாகப் பிரித்து, வகுப்புக்குத் தக்கபடி பணம் வாங்கினார்கள். இன்றைய 5551க்கு மூதாதை யார் என்று கேட்டால் நான் அந்த ஆபத்து வகுப்புகளைத்தான் காட்டுவேன். பிஸ்மார்க்குக்குத் தொழிலாளிகள் மேல் பிரியம் பொங்கி இது வரவில்லை. சோஷலிஸ்டுகள் பக்கம் அவர்கள் சாய்ந்துவிடாமல் பிடித்து வைக்கச் செய்தார். நோக்கம் எதுவானாலும் ஏற்பாடு நல்ல ஏற்பாடு.

இங்கிலாந்து 1897இல் அதே பாதைக்கு வந்தது, தயங்கித் தயங்கி. எல்லாத் தொழிலுக்கும் இல்லை; ரயில்வே, சுரங்கம், கல் குவாரி, ஆலை போன்ற ஆபத்தான சிலவற்றுக்கு மட்டும். கட்டட வேலையை எப்படிச் சேர்ப்பது என்று யோசித்து ஓர் அளவு வைத்தார்கள். முப்பது அடிக்கு மேல் உயரமான கட்டடமாக இருக்க வேண்டும். சாரம் கட்டி எழுப்புவதோ பழுதுபார்ப்பதோ, இடிப்பதோ, எந்திரம் வைத்து வேலை செய்வதோ நடக்க வேண்டும். இருபத்தொன்பது அடிக் கட்டடத்திலிருந்து விழுந்தவனுக்கு ஒன்றும் கிடையாது. இந்தியாவில் 1923இல் வந்து 1924 ஜூலை 1 முதல் அமலான தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் அந்தச் சட்டத்தின் வாரிசு. நம் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையிலும் கட்டட வேலைக்கு உயரக் கணக்கு நெடுங்காலம் இருந்தது: தரைக்கு மேல் ஒரு மாடிக்கு மேற்பட்டது, அல்லது கூரை உச்சிவரை பன்னிரண்டு அடி. உயரத்தை அளந்து உரிமையைக் கொடுக்கும் பழக்கம் லண்டனிலிருந்து கப்பலேறி வந்தது.

அமெரிக்காவில் இந்தச் செலவை முதன்முதலாக எண்ணிப் பார்த்தவர் கிரிஸ்டல் ஈஸ்ட்மன் என்ற இளம் வக்கீல். பிட்ஸ்பர்க் நகரம் இருக்கும் அலிகெனி மாவட்டத்தில் 1906 ஜூலை முதல் 1907 ஜூன் வரை வேலையில் செத்தவர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் விவரம் திரட்டினார். ஓராண்டில் 526 சாவுகள். எஃகு ஆலைகளில் 195, ரயில்வேயில் 125, சுரங்கங்களில் 71, மற்றவை கட்டடம், பாலம், இன்னபிற. அவரும் உடன் உழைத்தவர்களும் வீடு வீடாகப் போய், ஆள் செத்த பிறகு அந்தக் குடும்பத்துக்கு என்ன கிடைத்தது என்று கேட்டார்கள். மனைவியை விட்டுச் செத்தவர்களின் குடும்பங்களில் பாதிக்கு மேல் கிடைத்தது நூறு டாலர், அல்லது அதற்கும் கீழே, அல்லது ஒன்றுமில்லை. 1910இல் இதைப் புத்தகமாக வெளியிட்டபோது ஈஸ்ட்மனுக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. விபத்துக்குப் பெரும்பாலும் தொழிலாளியின் அலட்சியமே காரணம் என்று அதுவரை எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்ததை அந்தப் பட்டியல் உடைத்தது. ஷா பிரித்துப் பார்க்காத கணக்கை அவர் வீட்டு வாசல்களில் நின்று பிரித்துப் பார்த்தார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தவர் அவர்தான்.

நியூயார்க் மாநிலம் நியமித்த ஆய்வுக் குழுவில் ஈஸ்ட்மன் செயலாளராக இருந்தார். அதன் பலனாக 1910இல் சட்டம் வந்தது. அதில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவை மிக ஆபத்தான வேலைகள் மட்டுமே: இரும்புச் சட்டக் கட்டடம் எழுப்புதல், உயரமான சாரத்தில் வேலை, பளு தூக்கும் எந்திரம், சுரங்கப் பாதை, வெடிமருந்து, ரயில்வே. ஏர்ல் ஐவ்ஸ் என்ற ரயில்வே தொழிலாளி அடிபட்டு இழப்பீடு கேட்டார். தவறு செய்யாத முதலாளியிடமிருந்து பணத்தைப் பிடுங்குவது சொத்துரிமைக்கு விரோதம் என்று கம்பெனி வாதாடியது. 1911 மார்ச் 24 அன்று மாநில உயர் நீதிமன்றம் சட்டத்தையே ரத்து செய்தது. மறுநாள் மார்ச் 25. நியூயார்க் நகரில் டிரையாங்கிள் தையல் ஆலை தீப்பிடித்து 146 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் இளம்பெண்கள்; பலர் ஒன்பதாவது மாடி ஜன்னலிலிருந்து குதித்துச் செத்தார்கள். 1913இல் அரசியலமைப்பைத் திருத்தி, 1914இல் மாநிலம் புதிய சட்டம் போட்டது.

இதற்கிடையே மேற்குக் கரையில் வாஷிங்டன் மாநிலம் முந்திக்கொண்டது. மரம் வெட்டுகிறவர்களும் மர ஆலைக்காரர்களும் நிறைந்த மாநிலம் அது. கைவிரல் முழுதாக இருக்கிற ஆலைத் தொழிலாளியைப் பார்ப்பது அன்று அரிது. 1911 மார்ச்சில் நிறைவேறி அக்டோபர் 1 முதல் அமலான சட்டம் இன்சூரன்ஸ் கம்பெனிகளை உள்ளேயே விடவில்லை. அரசே பணம் வாங்கி அரசே கொடுக்கும். எந்த வேலைக்கு எத்தனை சதவீதம் என்பதைச் சட்டத்திலேயே அட்டவணையாக எழுதிவிட்டார்கள். சுரங்கப் பாதை, பாலம், வீடு இடிப்பு போன்றவற்றுக்குக் கூலியில் 6.5 சதவீதம்; இரும்புச் சட்டக் கட்டடத்துக்கு 8. மரம் வெட்டுவதற்கும் ஆலைக்கும் 2.5. ஒரு சட்டமன்றம் உட்கார்ந்து, இந்த வேலையில் நூறு டாலர் கூலிக்குள் எட்டு டாலர் அடிபடுகிறவர்களுக்கு உரியது என்று எழுதி வைத்தது பெரிய காரியம்.

அந்தச் சதவீதங்கள் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் ஊகத்திலிருந்து. அமெரிக்காவில் விபத்துக் கணக்கு கையில் இல்லை. ஊகத்தின் விலை ஒரே மாதத்தில் தெரிந்தது. 1911 நவம்பர் 1, ஷிஹேலிஸ் ஊருக்கு அருகில் ஒரு வெடிமருந்து ஆலை வெடித்து, அங்கே வெடிமருந்துக் குச்சி அடைத்துக்கொண்டிருந்த எட்டு இளம்பெண்கள் செத்தார்கள். வெடிமருந்து என்பது தனி வகுப்பு. அதில் இருந்தவை ஒருசில ஆலைகள். அந்த வகுப்பின் நிதியில் இருந்த பணம் எட்டுச் சாவுகளுக்கு ஈடுகொடுக்கப் போதவில்லை. வகுப்பைச் சின்னதாகப் பிரித்தால் விலை நியாயமாக இருக்கும், ஆனால் ஒரே விபத்தில் காலியாகிவிடும். பெரிதாகப் பிரித்தால் தாங்கும், ஆனால் தச்சனும் வெடிமருந்துக்காரனும் ஒரே விலை கொடுப்பார்கள். இந்த இக்கட்டு அன்று தொடங்கியது. வகை எண்கள் நூற்றுக்கணக்கில் பெருகியும் அது இன்றுவரை தீரவில்லை.

மவுண்டன் டிம்பர் என்ற மரக் கம்பெனி வாஷிங்டனின் நிதிக்குப் பணம் கட்ட மறுத்து அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனது. ஒரு கம்பெனியில் நடந்த விபத்துக்கு இன்னொரு கம்பெனி ஏன் கட்ட வேண்டும் என்பது அதன் கேள்வி. 1917 மார்ச் 6 அன்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் கம்பெனி தோற்றது. நியூயார்க்கின் புதிய சட்டமும் அன்றே தப்பித்தது. ஒரு நீதிபதி மாறி ஓட்டுப் போட்டிருந்தால் வாஷிங்டனின் ஏற்பாடு அங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் மரக் கம்பெனியின் கேள்வி சட்டத்தில் தோற்றாலும் கணக்கில் தோற்கவில்லை. கூரை வேலைக்கென்று ஒரு விலை வைத்தாயிற்று. அந்த வகுப்பில் இரண்டு காண்ட்ராக்டர்கள். ஒருவர் ஆட்களுக்குக் கயிறு கட்டாமல் மேலே ஏற்ற மாட்டார். இன்னொருவர் ஈரத்திலும் ஏற்றுவார். இருவருக்கும் ஒரே விலை என்றால் முதலாமவர் இரண்டாமவருக்கும் சேர்த்துக் கட்டுகிறார். ஆலைகளில் இதற்கு ஒரு வழி இருந்தது: இன்ஸ்பெக்டர் போய்ப் பார்த்து, சக்கரத்துக்கு மூடி போட்டிருந்தால் கொஞ்சம் குறைப்பார். கட்டட வேலையில் பார்க்க என்ன இருக்கிறது? இன்ஸ்பெக்டர் வரும்போது ஒரு தளம், அடுத்த மாதம் வேறு தளம், அதற்கடுத்த மாதம் வேறு ஊர். பார்க்கக் கிடைப்பது ஒன்றுதான்: இதுவரை எத்தனை பேர் அடிபட்டார்கள் என்ற பழைய கணக்கு.

1914 நவம்பரில் நியூயார்க்கில் சில கணக்கர்கள் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். விபத்து இன்சூரன்ஸுக்கான முதல் அமெரிக்கக் கணக்கியல் சங்கம். முதல் தலைவர் ஐசக் ரூபினோ. ரஷ்யாவிலிருந்து வந்து, டாக்டராக ஏழைகளிடையே வேலை செய்து, நோயைவிட வறுமையே அதிகம் கொல்கிறது என்று கண்டு கணக்குப் பக்கம் திரும்பியவர். அந்தச் சங்கத்தில் ஆல்பர்ட் மவ்பிரே என்ற கணக்கர் முதல் ஆண்டிலேயே ஒரு கட்டுரை படித்தார். ஒரு வகுப்பின் விலையை நம்ப வேண்டுமானால் எவ்வளவு கூலிக் கணக்கு கையில் இருக்க வேண்டும் என்பது அதன் கேள்வி. பிற்காலப் பாடநூல்கள் அதே வழியில் போய் ஒரு விடை தருகின்றன: பத்துக்கு ஒன்பது தடவை, ஐந்து சதவீதப் பிழைக்குள், எண்ணிக்கை சரியாக இருக்க 1,082 விபத்துகள் வேண்டும்.

1,082 விபத்துகள். ஆறு பேரை வைத்துக் கூரை போடும் ஒருவரிடம் பல தலைமுறை காத்திருந்தாலும் அத்தனை விபத்து சேராது, சேரவும் கூடாது. மூன்றாண்டாக யாரும் விழவில்லை என்றால் அவர் கவனமானவரா, அதிர்ஷ்டக்காரரா? கணக்கால் சொல்ல முடியாது. போன மாதம் ஒருவர் விழுந்தார் என்றால் அவர் அலட்சியக்காரரா, கெட்ட நேரமா? அதையும் சொல்ல முடியாது.

முடிச்சை அவிழ்த்தவர் ஆல்பர்ட் விட்னி. கணிதப் பேராசிரியராக இருந்து இன்சூரன்ஸுக்கு வந்தவர். 1918இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் ஒரு வரிச் சூத்திரம். ஒரு கம்பெனியின் சொந்தக் கணக்கை எவ்வளவு நம்பலாம்? அதன் பிரீமிய அளவை எடு. அதோடு ஒரு நிலையான தொகையைக் கூட்டு. கூட்டி வந்ததால் முதல் அளவை வகு. நிலைத் தொகை 20,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 5,000 டாலர் பிரீமியம் கட்டும் சின்ன காண்ட்ராக்டருக்கு 25,000இல் 5,000, அதாவது ஐந்தில் ஒரு பங்கு நம்பிக்கை. மிச்சம் நான்கு பங்குக்கு வகுப்பின் சராசரியே அவருக்கும். 1,80,000 கட்டும் பெரிய கம்பெனிக்கு நம்பிக்கை பத்தில் ஒன்பது. பெரியவர் தன் விதியைத் தானே சுமக்கிறார். சின்னவர் ஊரோடு சேர்ந்து சுமக்கிறார். அந்த நிலைத் தொகை எவ்வளவு என்பதை விட்னி அனுபவ அறிவால்தான் வைத்தார். முழுக் கணித நியாயம் 1950இல் ஆர்தர் பெய்லியாலும் 1967இல் சுவிட்சர்லாந்தின் ஹான்ஸ் பூல்மனாலும் கிடைத்தது. அதற்குள் அரை நூற்றாண்டுக் கட்டடங்கள் அந்தச் சூத்திரத்தின் மேல் எழும்பிவிட்டன.

1920களின் தொடக்கத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிகள் சேர்ந்து என்சிசிஐ என்ற பொதுக் கணக்கு அமைப்பை உண்டாக்கின. வகை எண்களும் விலைக் கணக்கும் பல மாநிலங்களுக்கு அங்கிருந்தே போகின்றன. விட்னியின் சூத்திரத்தின் வாரிசை இன்று தொழிலில் 'மாட்' என்கிறார்கள். பிரீமியத்தை அந்த எண்ணால் பெருக்குவார்கள்; சராசரி என்றால் 1.00. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக் கூலி 2 லட்சம் டாலர், கூரை வேலைக்கு நூற்றுக்கு 25 டாலர் என்றால் பிரீமியம் 50,000. மாட் 1.30 என்றால் 65,000. மாட் 0.80 என்றால் 40,000. நடுவில் 25,000 டாலர். ஆறு பேருக்குப் பாதுகாப்பு பெல்ட், கயிறு, கொக்கி எல்லாம் வாங்கிக் கட்டினாலும் அந்தத் தொகையில் ஒரு மூலைதான் தீரும். மாட் 1.00க்கு மேல் இருந்தால் டெண்டரே கொடுக்க விடாத பெரிய கட்டுமானக் கம்பெனிகளும் உண்டு.

மாட் கணக்கில் இன்னொரு நுணுக்கம். ஒரு லட்சம் டாலர் செலவான ஒரு விபத்தைவிட, பத்தாயிரம் வீதம் பத்து விபத்துகள் மாட்டை அதிகம் ஏற்றும். ஒவ்வொரு விபத்திலும் முதல் பகுதி முழுதாக எண்ணப்படும். அதற்கு மேற்பட்டது குறைத்து எண்ணப்படும். அந்த முதல் பகுதியின் எல்லை நெடுங்காலம் 5,000 டாலராக இருந்து 2013இல் 10,000 ஆனது. பெரிய விபத்து ஒன்று யாருக்கும் நேரலாம்; சின்னச் சின்னதாகப் பத்து என்றால் அந்தத் தளத்தில் ஏதோ பழக்கமே கெட்டிருக்கிறது. தளத்தில் நிற்கும் எந்த மேஸ்திரிக்கும் இது தெரியும். கணக்கர்கள் அதைச் சூத்திரத்துக்குள் கொண்டுவந்தார்கள் என்பதை நான் மதிக்கிறேன்.

மாட் கணக்கின் இன்னொரு விதி ஒரு தீமையையும் பெற்றது. மருத்துவச் செலவோடு முடிந்து, வேலைநாள் இழப்பு இல்லாத விபத்து என்றால் பல மாநிலங்களில் அதில் 30 சதவீதம் மட்டுமே மாட்டில் சேரும். ஆகவே கணுக்கால் வீங்கியவரை ஆபீஸில் உட்கார வைத்துச் சம்பளம் கொடுக்கும் வழக்கம் வந்தது. அது நல்லதாகவும் இருக்கலாம். விழுந்ததையே சொல்லாதே, டாக்டரிடம் வீட்டில் வழுக்கியதாகச் சொல் என்று சொல்லும் இடங்களும் உண்டு. அங்கே மாட் 0.80 என்பது பாதுகாப்பின் அளவு அல்ல, மிரட்டலின் அளவு.

பாலம் கட்டுகிறவர்களிடையே 1930களில் ஒரு வாய்க்கணக்கு இருந்தது: பத்து லட்சம் டாலர் செலவுக்கு ஓர் உயிர். சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்துக்கு மூன்றரைக் கோடி டாலர். அந்தக் கணக்குப்படி 35 பேர் போக வேண்டும். தலைமை என்ஜினியர் ஜோசப் ஸ்ட்ராஸ் பாலத்தின் கீழே கரையிலிருந்து கரைவரை வலை கட்டினார். அதற்கு ஆன செலவு 1,30,000 டாலருக்கு மேல். விழுந்த 19 பேரை அது பிடித்தது. 1937 பிப்ரவரி 17 அன்று ஒரு சாரம் அறுந்து வலையையும் கிழித்துக்கொண்டு போய்ப் பத்துப் பேர் செத்தார்கள். மொத்தம் 11 சாவுகள். மொத்தச் செலவில் நூற்றுக்கு அரைப் பங்குகூட இல்லாத வலை, 'தவிர்க்க முடியாதது' என்று எல்லோரும் நம்பிய எண்ணை மூன்றில் ஒன்றாக்கியது. பிரீமியத்தின் விலை வலையின் விலையைவிடக் கனமாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். பிரீமியம் மலிந்தால் முதலில் கழற்றப்படுவது வலை.

விலை கனமாக இருக்கும் இடத்தில் ஏய்ப்பும் கனமாக இருக்கும். பாலிசி ஆண்டு முடிந்ததும் ஆடிட்டர் வருவார். சம்பளப் பட்டியல், வரிப் படிவம், காசோலைப் புத்தகம், துணைக் காண்ட்ராக்டர்களின் இன்சூரன்ஸ் சான்று எல்லாவற்றையும் மேஜையில் பரப்பச் சொல்வார். இவர் யார், தச்சரா? எந்த வேலைத் தளம்? கூரையில் பலகை அடித்தாரா, ஓடு போட்டாரா? தச்சுக்கு நூற்றுக்கு 8 டாலர், கூரைக்கு 25 என்றால் ஒரு லட்சம் டாலர் கூலியை ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்கு நகர்த்தினாலே 17,000 டாலர் மிச்சம். அதனால் விதி கறாரானது: ஒருவர் இரண்டு வேலையும் செய்தால், மணி வாரியாக எழுதிய குறிப்பு இருந்தால் மட்டுமே பிரிக்கலாம். பாதிப் பாதி என்று வாயால் சொன்னால் முழுக் கூலியும் அதிக விலைக்குப் போகும். கூரைச் சாமான் ஏற்றிவரும் லாரி டிரைவரும் 5551தான். இன்சூரன்ஸ் இல்லாத துணைக் காண்ட்ராக்டருக்குக் கொடுத்த பணம், ஆடிட்டில் கொடுத்தவரின் கூலிக் கணக்கிலேயே ஏறிவிடும்.

இதற்கும் தப்பிக்க, ஆட்களைத் தொழிலாளியே இல்லை, தனிக் காண்ட்ராக்டர் என்று எழுதிவிடுவார்கள். ஏணி முதலாளியுடையது, வேலை நேரம் முதலாளி வைப்பது, கூலி முதலாளி தருவது; தாளில் மட்டும் அவர் ஒரு தனிக் கம்பெனி. ஆங்கிலம் படிக்கத் தெரியாத, குடியேறி வந்த ஆட்களிடம் இந்தத் தாளில் கையெழுத்து வாங்குவது எளிது. விழுந்த அன்று ஆஸ்பத்திரியில்தான் தனக்கு எந்தப் பாலிசியும் இல்லை என்பது அவருக்குத் தெரியவரும். ஷாவின் நீதிமன்றம் ஃபார்வெல்லை எங்கே நிறுத்தியதோ அங்கேயே அவர் நிற்பார். அமெரிக்காவில் 2022இல் எல்லா வேலைகளுக்கும் சேர்த்து ஒரு லட்சம் தொழிலாளருக்குச் சாவு 3.7, கூரை வேலையில் 57.5. இத்தனை சாவு இருக்கும் தொழிலில் கூலியை ஒளிக்கிறவர் பிரீமியத்தை மட்டும் ஒளிப்பதில்லை. ஒளித்த கூலி வகுப்பின் கணக்கில் வராததால், நேர்மையாகக் கட்டுகிறவருக்கு மறு ஆண்டு விலை ஏறுகிறது. டெண்டரில் அவரே தோற்கிறார்.

சின்ன காண்ட்ராக்டரின் பிரச்சினை விட்னி விட்ட இடத்திலேயே இருக்கிறது. பிரீமியம் ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் மாட் கணக்கே போடுவதில்லை. மூன்று பேரை வைத்துக்கொண்டு பயபக்தியோடு வேலை செய்கிறவரும் வகுப்பின் விலையையே கட்டுகிறார். கூரைத் தொழிலில் இப்படிப்பட்டவர்கள் ஏராளம்.

கூலியை வைத்து விலை போடுவதிலேயே ஒரு கோணல் உண்டு. ஒரே கூரை, ஒரே உயரம். யூனியன் ஆளுக்கு மணிக்கு நாற்பது டாலர் கொடுப்பவர், இருபது கொடுப்பவரைப் போல இரண்டு மடங்கு பிரீமியம் கட்டுகிறார். விழும் வாய்ப்பு இரண்டு மடங்கல்ல. பயிற்சி உள்ள ஆள் என்பதால் குறைவாகவே இருக்கும். இதை இரண்டு மாநிலங்கள் இரண்டு விதமாக நேராக்கின. 1911இல் கூலியில் இத்தனை சதவீதம் என்று தொடங்கிய வாஷிங்டன் இன்று கூலியைப் பார்ப்பதில்லை, வேலை செய்த மணியை எண்ணுகிறது. கலிபோர்னியா கூரை வேலையை இரண்டு எண்ணாகப் பிளந்தது: மணிக்கூலி ஓர் எல்லைக்குக் கீழே என்றால் 5552, அந்த எல்லையைத் தொட்டாலோ தாண்டினாலோ 5553. இரண்டாவதன் விலை முதலாவதில் ஏறக்குறைய பாதிதான். கூலி ஏற ஏற அந்த எல்லையையும் அவ்வப்போது உயர்த்துகிறார்கள். எல்லைக்கு ஒரு டாலர் கீழே கூலி கொடுத்துக்கொண்டிருக்கும் காண்ட்ராக்டர் பென்சில் எடுத்துக் கணக்குப் போட்டால், ஆட்களுக்கு அந்த ஒரு டாலரைக் கூட்டிக் கொடுப்பதே அவருக்கு லாபம் என்று விடை வரும்.